சுயமரியாதைத் திருமணத்துக்கு மணமகள் இந்துவாக இருக்க வேண்டுமா?

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கும்பகோணம் பக்கம். எனக்கு வயது 29. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே புரோகிதர் வைத்துக் கல்யாணம் நடந்ததில்லை. தாத்தா பாட்டிக்கு 1958இல், அப்பா அம்மாவுக்கு 1991இல், இரண்டுமே சுயமரியாதைத் திருமணம். நான் கட்டிக்கொள்ளப் போகும் பெண் ஆர்.சி. கிறிஸ்தவர். ஞானஸ்நானம் பெற்றவர், ஆனால் கல்லூரிக் காலத்திலிருந்து கோவிலுக்குப் போவதில்லை. எங்கள் முறைத் திருமணத்துக்கு அவருக்குச் சம்மதம். அவர் வீட்டில் மாதா கோவிலில்தான் நடக்க வேண்டும் என்கிறார்கள். அப்பாவோ, "அண்ணா கொண்டுவந்த சட்டம் இருக்கு, மாலை மாத்தினா போதும்" என்கிறார். சித்தப்பா, "விண்ணப்பத்துல பொண்ணும் இந்துன்னு போட்டுப் பதிஞ்சிடலாம்" என்கிறார். ஆடி 15ஆம் தேதிக்கு மண்டபம் பேசியிருக்கிறோம். எங்கள் திருமணம் சட்டப்படி செல்லுமா? பூர்வீக நிலம் மூன்று ஏக்கரில் என் பங்குக்குச் சிக்கல் வருமா?

பதில்: மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டீர்கள், நல்லது. அப்பா சொல்கிறபடி மாலை மட்டும் மாற்றிக்கொண்டால் உங்கள் திருமணம் சட்டப்படி செல்லாது. சித்தப்பா சொல்கிறபடி செய்தால் செல்லாததோடு பொய்யும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அப்பா ஆசைப்படும் அதே மேடையில், அதே மாலைகளோடு, சட்டத்துக்கும் பொருந்துகிற மாதிரி நடத்த ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன் ஏன் செல்லாது என்று அப்பாவுக்குப் புரியவைக்க வேண்டும். உங்களைவிட அவர்தான் இதை ஏற்கச் சிரமப்படுவார் என்று நினைக்கிறேன்.

அவர் சொல்லும் சட்டம் உண்மைதான். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும். அல்லது தாலி கட்டினால் போதும். அந்த "அல்லது" சாதாரணச் சொல் இல்லை. வரைவில் "மற்றும்" என்று இருந்ததை மாற்றச் சொன்னவர் பெரியார் என்று இயக்கத்தில் பழகியவர்கள் இன்றும் சொல்வார்கள். "மற்றும்" என்று விட்டிருந்தால் தாலி கட்டாயமாகியிருக்கும்.

இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது தெரியுமா? 1920களின் கடைசியிலிருந்தே இந்த முறைத் திருமணங்கள் நடக்கின்றன. அழைப்பிதழில் "வாழ்க்கை ஒப்பந்த விழா" என்று அச்சடிப்பார்கள். வேண்டுமென்றே ராகு காலத்தில் நடத்துவார்கள். தலைமை தாங்கியவர் ஒரு மணி நேரம் பேசுவார், அப்புறம்தான் மாலை. ஆனால் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், இது சாஸ்திரத்திலும் இல்லை, வழக்கமாகவும் நிலைபெறவில்லை, ஆகவே இது திருமணமே இல்லை என்று சொல்லிவிட்டது. ஒரே தீர்ப்பில் ஆயிரக்கணக்கான மனைவிகள் மனைவி இல்லை என்றாகும் நிலை. 7ஏ அதைச் சரிசெய்தது. சட்டம் வருவதற்கு முன் நடந்த திருமணங்களும் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டியின் 1958 கல்யாணம் பத்து வருஷம் கழித்துத்தான் சட்டக் கண்ணில் கல்யாணமானது. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

சிக்கல் அந்தப் பிரிவின் முதல் வரியிலேயே இருக்கிறது. "எந்த இரண்டு இந்துக்களுக்கும் இடையே" நடக்கும் திருமணத்துக்கு இது பொருந்தும். இரண்டு பேரும் இந்துவாக இருக்க வேண்டும். புரோகிதரை வெளியே அனுப்பிய சட்டம், மதத்தை வெளியே அனுப்பவில்லை. அனுப்பியிருக்கவும் முடியாது, மாநில அரசு திருத்தியது இந்து திருமணச் சட்டத்தை. அந்த வீட்டுக்குள் ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். வீடு அதேதான்.

அப்பா உடனே கேட்பார்: "நானே கடவுள் மறுப்பாளன், நான் எப்படி இந்து?" சட்டப்படி அவர் இந்துதான். முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் இல்லாதவர்களைப் பொதுவாக இந்துவாகவே இந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பௌத்தர், சமணர், சீக்கியரும் இதற்குள் வருகிறார்கள். கோவிலுக்குப் போகிறாரா, கடவுளை நம்புகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. சாதி, மதம் அற்றவர் என்று 2019இல் திருப்பத்தூரில் ஒரு வழக்கறிஞர் சான்றிதழ் வாங்கியது பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கலாம். மதிக்கத்தக்க விஷயம். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்தத் திருமணச் சட்டத்திலிருந்தும் வெளியே வந்துவிட முடியாது.

இதே தர்க்கம் அந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். கோவிலுக்குப் போகாத இந்து இந்துவாகவே இருப்பது போல, பூசைக்குப் போகாத கிறிஸ்தவர் கிறிஸ்தவராகவே இருக்கிறார். பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பள்ளிக்கூட டி.சி.யில் மதம் இருக்கும். நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் இந்த இரண்டு தாளும் முதலில் மேசைக்கு வரும்.

"மதம் மாறிவிட்டால்?" என்று கேட்கலாம். பெருமாள் நாடார் வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம், இந்துவாக மாறுவதற்குச் சுத்திச் சடங்கு எதுவும் கட்டாயமில்லை, உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் இருந்தால் போதும் என்றது. அங்கேயும் மணமகள் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், இந்து முறைப்படி நடந்த கல்யாணம், அது செல்லும் என்றே தீர்ப்பு. ஆனால் "உண்மையான எண்ணம்" என்ற சொற்களைக் கவனியுங்கள். உங்கள் வருங்கால மனைவி இந்துவாக விரும்பவில்லை. எந்த மதமும் வேண்டாம் என்றிருப்பவர். மதச் சடங்கு வேண்டாம் என்பதற்காக அவரை ஒரு மதத்துக்கு மாற்றுவது, அப்பா தன் வாழ்நாள் முழுவதும் பேசியதற்கு நேர் எதிர். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இனி சித்தப்பா சொன்ன வழி. ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில் 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மணமகன் கிறிஸ்தவர், மணமகள் இந்து. 1996இல் கோவிலில் தாலி கட்டி, இந்து திருமணச் சட்டத்தில் பதிவும் செய்துவிட்டார்கள். பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தும் அந்தத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. பதிவு என்பது நடந்த திருமணத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். நடக்காத திருமணத்தை அது நடந்ததாக்காது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். "பதிஞ்சாச்சு, இனிமே கவலையில்லை" என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் குறை அந்தப் பதிவிலும் தீராது.

சண்டை இல்லாதவரை எதுவும் தெரியாது, அதுதான் இதில் ஆபத்து. என்னிடம் ஒரு அம்மா வந்தார். கணவர் அரசு வேலையில் இருந்து இறந்துவிட்டார். ஒரு ஆல்பத்தைத் திறந்து காட்டினார்: பள்ளிக்கூடத் திடலில் மேடை, ஒரு மைக், இரண்டு மாலை, பின்னால் தட்டி. இருவரும் வேறு வேறு மதம். வாரிசுச் சான்றிதழ் கேட்ட அன்றுதான், கணவரின் அண்ணன் "அது கல்யாணமே இல்லை" என்று எழுதிக் கொடுத்திருப்பது அவருக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்த பெண்மணி.

சரி, வழி என்ன? 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். நாம் பேச்சில் "ரிஜிஸ்தர் கல்யாணம்" என்று சொல்வது இதைத்தான். இதற்கும் ஒரு பழைய கதை உண்டு. வங்காளத்துப் பிரம்ம சமாஜத்தார், முக்கியமாகக் கேசவ சந்திர சென், வலியுறுத்தியதால் 1872இல் முதல் சிவில் திருமணச் சட்டம் வந்தது. அதில் திருமணம் செய்ய வேண்டுமென்றால், "நான் இந்து இல்லை, கிறிஸ்தவர் இல்லை, முஸ்லிம் இல்லை" என்று வரிசையாக ஒவ்வொரு மதத்தையும் மறுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் அப்பா மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்! 1954 சட்டம் அந்த மறுப்பைக் கேட்பதில்லை. நீங்கள் எந்த மதம் என்பது இங்கே திருமணத்துக்குத் தடையே இல்லை.

அப்பாவுக்கு நீங்கள் படித்துக் காட்ட வேண்டியது இந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. திருமணத்தை இருவரும் விரும்புகிற எந்த முறையிலும் நடத்திக்கொள்ளலாம் என்கிறது அது. திருமண அலுவலர், அதாவது சார்பதிவாளர், மூன்று சாட்சிகள், இவர்கள் முன்னால் "நான் உங்களை என் சட்டப்பூர்வமான மனைவியாக ஏற்கிறேன்" என்று நீங்களும், கணவனாக ஏற்பதாக அவரும், உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால் போதும். அதற்கு முன்னும் பின்னும் மாலையோ உறுதிமொழியோ பேச்சோ எதுவும் இருக்கலாம். அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும் என்பதுமில்லை. கூடுதல் கட்டணம் கட்டினால் அதிக தூரமில்லாத வேறு இடத்திலும் நடத்தலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. மண்டபத்துக்கு வரும்படி எழுத்தில் கேளுங்கள். வேலைப்பளு என்று தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். காலையில் அலுவலகத்தில் உறுதிமொழி, பத்தரை மணிக்கு மண்டபத்தில் அப்பாவின் விழா. வரிசை மட்டும் மாறக் கூடாது. சட்டம் முதலில், மாலை பிறகு.

நிலத்துக்கு வருவோம். கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்து ஒருவர் இந்தச் சட்டப்படி கிறிஸ்தவரை மணந்தால், அன்றே கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கருதப்படுவார் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. (அப்பாவைப் போல நீங்களும் மதத்தைப் "பின்பற்றாதவர்", ஆகவே இது பொருந்தாது என்று வாதாடலாம். அந்த வழக்கை நான் எடுக்க மாட்டேன்.) பயப்பட வேண்டாம், பிரிவதால் பங்கு போகாது, பாகம் பிரித்தால் என்ன வருமோ அது உங்களுக்கு உறுதியாகும். அதுவும் நிலம் உண்மையிலேயே கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால்தான். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, அப்பாவுக்கு வாரிசாக வந்திருந்தால் அது அப்பாவின் தனிச் சொத்து, அதில் இந்தக் கேள்வியே எழாது. எப்படி இருந்தாலும் அப்பா உயில் எழுதாமல் காலமானால் மகன் என்ற முறையில் நீங்கள் வாரிசுதான். மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இதைவிட முக்கியம்: உங்கள் அம்மா. இந்தச் சட்டப்படி மணந்தபின் உங்கள் சொந்தச் சொத்து 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி போகும். உதாரணத்துக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா இருக்கிறார்கள் என்று வையுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் நான்கு பேருக்கும் கால் கால் பங்கு. 1925 சட்டத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் இல்லையென்றால் மனைவிக்குப் பாதி, மறுபாதி அப்பாவுக்கு. அவர் இல்லாவிட்டால்தான் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும். ஆகவே அம்மாவுக்கு ஏதாவது போக வேண்டுமென்றால் உயில் எழுதுங்கள், இரண்டு சாட்சிகள் போதும். திருமணத்துக்குப் பிறகு இருவருமே எழுதுங்கள். கிறிஸ்தவர் முன்பே எழுதிய உயில் அவர் திருமணத்தோடு ரத்தாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண் வீட்டார் சொல்வது போல மாதா கோவிலில் நடந்தால், 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதுவும் முழுக்கச் செல்லும். ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும், நீங்கள் மதம் மாற வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில், வேறு மதத்தவரை மணக்க ஆயரின் (பிஷப்பின்) விலக்கு மட்டும் வாங்க வேண்டும். அப்படிக் கட்டினால் நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருப்பீர்கள், அம்மாவின் பங்கும் அப்படியே இருக்கும். மதமில்லாத கல்யாணம் உங்களை அந்தச் சட்டத்திலிருந்து வெளியேற்றுகிறது, சர்ச் கல்யாணம் உள்ளேயே வைத்திருக்கிறது. சட்டம் போட்டவர்கள் இதை யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அதற்காகக் கோவிலுக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. அது உங்கள் இருவரின் முடிவு, ஒரு உயிலில் தீர்கிற விஷயத்துக்காக அதை மாற்ற வேண்டாம். ஆனால் பெண் வீட்டாரிடம் பேசும்போது, அவர்கள் வழியும் செல்லும் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். "உங்க முறை செல்லாது" என்று யாரும் அவர்களிடம் சொல்லிவிடக் கூடாது.

கடைசியாக, நாள் கணக்கு. இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்திருக்கிற மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். மற்றவருடைய நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் போகும். 30 நாளுக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆனால் வயது, ஏற்கெனவே திருமணம், மனநிலை, தடுக்கப்பட்ட உறவு இவை மட்டுமே காரணமாக முடியும். மதம், சாதி, பெற்றோர் சம்மதமின்மை எதுவும் ஆட்சேபனை ஆகாது. நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் திருமணம் முடிய வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஆடி 15 என்றால் ஜூலைக் கடைசி. வைகாசி முடிவதற்குள், ஜூன் முதல் வாரத்திலேயே நோட்டீஸைக் கொடுத்துவிடுங்கள். ஆடியில் மண்டபம் சும்மாதான் கிடக்கும், வாடகையைக் கொஞ்சம் குறைத்துப் பேசலாம். அழைப்பிதழை மட்டும், 30 நாள் முடிந்து சார்பதிவாளர் தேதி உறுதி செய்தபிறகு அச்சுக்குக் கொடுங்கள்.