ஒதெல்லோவும் டேட்டாவும்

தங்கச்சி, உயர்தரத்துக்கு ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் படிக்கிறீர்கள், வெள்ளவத்தை அறையில் போன் மட்டும்தான், விளக்க வீடியோ பார்த்தே டேட்டா முடிகிறது என்கிறீர்கள். சரி, வீடியோவை விடுங்கள். ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் தளத்தில் முழு நாடகமும் வரி எண்களோடு இலவசம். வெறும் எழுத்துக் கோப்பை இறக்கினால் ஒரு எம்பிகூட வராது, பிறகு இணையமே வேண்டாம்.

அதில் 'ஹேண்ட்கர்சீஃப்' என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். கைக்குட்டை டெஸ்டிமோனாவிடமிருந்து எமிலியா, இயாகோ, காசியோ, பியாங்கா என்று கைமாறுவது வரிசையாக வரும். கட்டுரைக்கு மேற்கோளும் ஆச்சு. 'நாப்கின்' என்றும் தேடுங்கள், எமிலியா கண்டெடுக்கும்போது அப்படித்தான் சொல்வாள். பலர் இதைத் தவறவிடுவார்கள்.

உச்சரிப்புக்கு லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளத்தின் ஒலிப்பதிவு. ஒலிக்கோப்பு கொஞ்சம் பெரிது, வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்குங்கள். சுருக்கக் குறிப்புத் தளங்களை நாடகத்தை வாசித்த அப்புறம் பாருங்கள்.