அம்மாவை மறதி மருந்துச் சோதனையில் சேர்க்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. ஆரம்ப நிலை அல்சைமர் என்று ஒரு வருடமாக டோனெபெசில் கொடுக்கிறோம். மூளையில் ஒரு நொதியைத் தடுக்கும் புது மருந்துக்குச் சோதனை நடக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்கிறார்கள். நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: உங்கள் அம்மா இப்போது சாப்பிடும் மாத்திரையே ஒரு நொதித் தடுப்பான்தான். நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலினை ஒரு நொதி சிதைத்துக்கொண்டே இருக்கும். டோனெபெசில் அதன் கையைக் கட்டிப்போடுவதால் இருப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். செல்கள் அழிவது நிற்பதில்லை. 70 மதிப்பெண் கொண்ட நினைவுத் தேர்வில் சராசரி லாபம் 2, 3 மதிப்பெண்தான்.

அதனால் முதலில் "எந்த நொதி?" என்று கேளுங்கள். எந்த நொதியும் நமக்குப் பிடிக்காத ஒரே வேலையை மட்டும் செய்வதில்லை. தடுத்தால் மற்ற வேலைகளும் நிற்கும். அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் படிவதைக் குறைக்க காமா சீக்ரிடேஸ் நொதியைத் தடுத்த செமகாசெஸ்டாட் இதில் வசமாக மாட்டியது. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரையைச் சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்கள் மோசமானார்கள், தோல் புற்றுநோயும் கூடியது. 2010-இல் சோதனையை நிறுத்தினார்கள். அதே அமிலாய்டு உருவாக உதவும் இன்னொரு நொதியான பீட்டா சீக்ரிடேஸின் தடுப்பான்களும் 2017 முதல் 2019 வரை வரிசையாகக் கைவிடப்பட்டன. அமிலாய்டு குறைந்தது, நினைவு தேறவில்லை.

வேறொரு பாதையும் உண்டு. கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மிகுந்தால் நினைவு பாதிக்கப்படலாம் என்பதால், மூளைக்குள் அதை உருவாக்கும் நொதியைத் தடுப்பது. 2004-இல் எடின்பரோ ஆய்வாளர்கள், வயிற்றுப்புண்ணுக்குக் கொடுத்துவந்த கார்பெனாக்சலோனை வயதான ஆண்கள் 10 பேருக்கும் சர்க்கரை நோயாளிகள் 12 பேருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் குழுவுக்குச் சொற்கள் சரளமாக வந்தன, இரண்டாவது குழுவுக்குச் சொல் நினைவு மேம்பட்டது. ஆனால் இதே நொதியைத் தடுக்கும் இன்னொரு மருந்தை அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் கிடைக்கவில்லை. (கார்பெனாக்சலோன் அதிமதுரத்தின் வழிவந்தது. அதற்காக அம்மாவுக்கு அதிமதுரம் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.)

சரி, சேர்க்கலாமா? குணமாகும் என்று நினைத்துச் சேர்க்க வேண்டாம். எத்தனையாவது கட்டம் என்று கேளுங்கள். முதல் கட்டத்தில் பார்ப்பது பாதுகாப்பையும் அளவையும்தான், பலனை அல்ல. அம்மாவுக்கு வெற்று மாத்திரை விழவும் வாய்ப்புண்டு, அது உங்களுக்குத் தெரியவும் வராது. டோனெபெசிலைத் தொடரலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அது நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து என்பதால், புது மருந்தோடு சேரும்போது ஈசிஜி எப்போதெல்லாம் எடுப்பார்கள் என்றும் விசாரியுங்கள். முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பார்களா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். பல குடும்பங்கள் பின்வாங்குவது அங்கேதான்.

தற்போதைய மாத்திரை தொடரும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றால் நான் சேரச் சொல்வேன், அம்மா சரி என்றால் மட்டும். ஆரம்ப நிலைதானே, அவரே முடிவெடுக்க முடியும். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். மறுநாள் இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு நாளும் ஒரே பதில் வந்தால் கையெழுத்துப் போடலாம்.