கூகுள் மேப்பில் சில கடைகள் மட்டும் முன்னுக்கு வருவது ஏன்? ‘லோக்கல் எஸ்.இ.ஓ.’ என்பது என்ன?

பரந்தனில் ஒருவர் “ட்ரக்டர் திருத்தும் இடம்” என்று போனில் தேடுகிறார். மேப்பில் வரும் முதல் சில பெயர்களில் உங்கள் கராஜும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் லோக்கல் எஸ்.இ.ஓ. (எஸ்.இ.ஓ. என்றால் Search Engine Optimization, அதாவது தேடலில் முன்னுக்கு வரச் செய்யும் வேலை).

கூகுள் பார்ப்பது முக்கியமாக மூன்றை: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்டவர் என்பது. சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். சைக்கிள் கடையைக் காட்டமாட்டார், சும்மா மாங்குளம் வரைக்கும் அனுப்பவும் மாட்டார். கிட்ட இருப்பவர்களில் நாலு பேர் நல்லதாகச் சொன்ன ஆளைத்தான் சொல்லுவார்.

தூரத்தை மாற்ற முடியாது. பொருத்தம் உங்கள் கையில். கூகுளில் உங்கள் கடைக்கென்று வைத்திருக்கும் கணக்கில் (Google Business Profile) தொழில் வகையைச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். விவரத்தைத் தமிழிலும் எழுதுங்கள், ஏனென்றால் தேடுபவர் தமிழிலும் தேடுவார். கடை உள்வீதியில் இருக்க, அடையாளப் புள்ளி ஏ9 வீதியில் நின்றால் வாடிக்கையாளர் அலைவார். அறியப்பட்டவராக, வாடிக்கையாளரிடம் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அதற்கு விலைக்கழிவு கொடுப்பது கூகுள் விதிக்கு மாறானது.

ஒரு செய்தி: இந்தக் கணக்கோடு கூகுள் இலவசமாகத் தந்த சிறிய இணையத்தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. விசிட்டிங் கார்ட்டில் இன்னும் அந்த முகவரி கிடந்தால் மாற்றிவிடுங்கள்.

“மாதம் இவ்வளவு தந்தால் முதலிடம்” என்று போன் எடுப்பவர்களை நம்பவேண்டாம்: காசு கட்டிய விளம்பரம் விளம்பரம் என்ற அடையாளத்தோடு தனியாக வரும், மேப்பின் வழமையான வரிசையில் கூகுள் இடம் விற்பதில்லை.