சோதனைச்சாலை மேசையிலிருந்து

கேள்வி: எங்கள் கம்பனியில் எண்ணெய் பவுசர் ஓட்டும் சாரதிகளுக்குப் போதைப்பொருள் பரிசோதனை செய்கிறோம். ஒருவருடைய அறிக்கை ‘போதைப்பொருள் இல்லை, ஆனால் நீர்த்த மாதிரி’ என்று வந்திருக்கிறது. “தண்ணீர் கலந்து ஏமாற்றிவிட்டான், நிற்பாட்டு” என்கிறார் முதலாளி. 11 வருடம் ஓட்டியவர் ஐயா. என்ன செய்வது?
- ஆளணிப் பொறுப்பாளர், கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் அவரை வேலையிலிருந்து நிற்பாட்டும் கடிதத்தை லாச்சிக்குள் வையுங்கள், தங்கச்சி. பிறகு அறிக்கையில் கிரியேட்டினின் என்ற வரியைப் பாருங்கள். தசையிலிருந்து நாளும் கழியும் பொருள் அது. யாருடைய சலத்திலும் இருந்தே தீரும். நான் அளவுகோலாக வைத்திருப்பது அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்கள விதிகள். அதன்படி டெசிலீற்றருக்கு 2 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், 20க்குக் கீழ் இருந்து, ஒப்படர்த்தியும் (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.0010க்கு மேல், 1.0030க்குக் கீழ் இருந்தால் ‘நீர்த்தது’. 2க்கும் கீழே போய் ஒப்படர்த்தியும் ஒவ்வாவிட்டால்தான் அது மனிதச் சலமே இல்லை என்று சொல்லலாம். உங்கள் ஆள் முதல் வகை.

கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தில் வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு இரண்டு இளநீரும் ஒரு போத்தல் தண்ணீரும் குடித்தவருக்கும் இதே முடிவு வரலாம். சலம் வராவிட்டால் நாங்களே தண்ணீர் கொடுப்பதும் உண்டு. 3 மணி நேரத்தில் 1.2 லீற்றர் வரை கொடுக்க அந்த விதிகளே இடம் தருகின்றன.

ஏமாற்றுபவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. மாதிரி எடுக்க முதல் குழாயைப் பூட்டி, கழிப்பறைத் தொட்டியில் நீல மருந்து போடுவேன். ஒருமுறை ஒரு பையன் நீட்டிய போத்தல் மெல்லிய நீலமாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். வேறு எதையாவது கலந்தாலும் பிஎச் (அமிலத்தன்மை), நைத்திரைற்று அளவுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் பிழை எங்கள் பக்கமும் வரும். மாதிரியின் சூட்டை 4 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். 32 முதல் 38 பாகைக்குள் இருந்தால் சரி. ஒருநாள் ஏசி அறையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், போத்தலில் சூடு காட்டும் பட்டியில் எண்ணே இல்லை. அந்த மனிசனை நான் பார்த்த பார்வை இன்னும் எனக்கு வெட்கம். திரும்ப எடுத்தோம், சூடு சரியாக இருந்தது.

ஆகவே முன்கூட்டிச் சொல்லாமல் இன்னொரு முறை எடுங்கள். அந்த இரண்டாவது முடிவுதான் கணக்கு. மறுபடியும் ‘போதைப்பொருள் இல்லை, நீர்த்தது’ என்றே வந்தால் அதோடு விடுங்கள். அதற்காக மூன்றாவது முறை கூப்பிட அந்த விதிகளில் இடமில்லை. இவருக்கு ஒரு சட்டம், மற்றச் சாரதிகளுக்கு இன்னொன்று என்றும் வைக்காதீர்கள். இன்னொன்று: நீர்த்த மாதிரியிலும் போதைப்பொருள் தெரிந்தால், அது தெரிந்ததுதான். முதலாளிக்கு இதையும் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுவார்.

கேள்வி: கோடீன் கலந்த இருமல் பாணி குடிக்கிறேன். அடுத்த கிழமை கப்பல் வேலைக்கு மருத்துவப் பரிசோதனை. மாட்டுவேனா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தெரியத்தான் செய்யும். முதல் சோதனை ‘அபின் வகை’ என்று மட்டும் சொல்லும். உறுதிப்படுத்தும் சோதனைதான் கோடீன் என்று பெயர் சொல்லும். அப்போது மருத்துவர் கேட்பார், டொக்டர் எழுதித் தந்த துண்டையும் போத்தலையும் காட்டுங்கள். மருந்தை மறைக்கவென்று குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள், மேலே உள்ள பதிலுக்குள் வந்து விழுவீர்கள்.