ஒரு கட்டத்தில்கூட, அதாவது ஒரு நாள் ஓட்டத்தில்கூட, ஜெயிக்காதவர் மலேசியாவின் லங்காவி டூர் சைக்கிள் பந்தயத்தில் சாம்பியன் ஆக முடியுமா?

முடியும். தினமும் முதலில் வருபவருக்குக் கோப்பை என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். எல்லா நாள்களின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கே முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி.

கோலாலம்பூரில் டத்தாரான் மெர்டேக்காவில் கட்டம் முடிந்த ஒரு வருடம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நூறு பேர் போல ஒரே கூட்டமாகச் சீறிக்கொண்டு வந்தார்கள், முதல் ஆள் கையைத் தூக்கினார், ஆனால் இடைவெளி இல்லாமல் சேர்ந்து வருவதால் அத்தனை பேருக்கும் ஒரே நேரம்தான் எழுதுவார்கள். முதல் மூவருக்கு மட்டும் 10, 6, 4 விநாடி கழிப்பு உண்டு.

சமதளத்தில் முன்னால் போகிறவர் காற்றை வெட்ட, பின்னால் வருபவர் பலம் சேமிக்கலாம். கெந்திங் மலையில் அது நடக்காது. வேகம் குறைந்துவிடும், காற்று மறைவால் பெரிய பலன் இல்லை, அவரவர் கால்தான் இழுக்க வேண்டும், அங்கே நிமிடக் கணக்கில் பின்தங்குவார்கள். கெந்திங்கில் இரண்டாவதாக வந்து, மற்ற நாள்களில் கூட்டத்தை விடாமல் ஒட்டிக்கொண்டவர் மொத்தத்தில் ஜெயிக்கலாம். டூர் டி பிரான்ஸிலும் கிரெக் லெமாண்ட் 1990இல், கிறிஸ் ஃப்ரூம் 2017இல் ஒரு கட்டமும் ஜெயிக்காமலேயே பட்டம் வென்றார்கள்.

அதனால் நேரில் பார்க்க ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால், மலைக்குப் போங்கள்.