அமெரிக்காவில் ஆசிரியர் சங்கம் பேச்சுவார்த்தைக்குப் போவது சம்பளத்துக்கு மட்டும்தானா?

இல்லை. 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்கள் ஆறு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தில் சங்கத்துக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் இடையே இருந்த இடைவெளி சிறியதுதான். பெரிய சிக்கல், ஒப்பந்தத்தின் 1.5ஆம் பிரிவு. வகுப்புக்கு இத்தனை மாணவர்கள்தான் என்று ஒப்பந்தம் சொல்லும். நிதி நெருக்கடி என்றால் நிர்வாகம் அதைத் தாண்டலாம் என்று இந்தப் பிரிவு சொல்லும். அப்புறம் அந்த வரம்பு எதற்கு? நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையின் நோட்டை ஆசிரியர் எப்போது பார்ப்பார்? கடைசியில் அந்தப் பிரிவையே நீக்கினார்கள். பள்ளிதோறும் வாரத்தில் ஐந்து நாளும் நர்ஸ் என்பதும் ஒப்பந்தத்தில் ஏறியது. எனக்கு இதுதான் பெரிய வெற்றி.

எல்லா மாநிலத்திலும் இப்படி முடியாது. நியூயார்க்கில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வதைத் தடை செய்யும் 1967ஆம் ஆண்டு டெய்லர் சட்டப்படி, ஒரு நாள் வேலைநிறுத்தத்துக்கு இரண்டு நாள் சம்பளம் போய்விடும்.