சாரம் போன சொற்கள்: 'வேபிட்' என்பதன் பொருள் என்ன?

கேள்வி: ஆங்கில நூல் மதிப்புரைகளில் 'வேபிட்' (vapid) என்ற பெயரடையை அடிக்கடி பார்க்கிறேன். அகராதியில் 'சுவையற்ற', 'வெறுமையான' என்ற இரு பொருள்கள் உள்ளன. நண்பர் ஒருவரின் எளிமையான கட்டுரையை, அலங்காரம் இல்லாதது என்ற எண்ணத்தில், அந்தச் சொல்லால் குறிப்பிட்டேன். அவர் மனம் புண்பட்டுவிட்டார். நான் எங்கே தவறினேன்? இதற்கு ஈடான தமிழ்ச் சொல் உண்டா?

பதில்: நண்பர் வருந்தியதில் நியாயம் இருக்கிறது. எளிமைக்கும் 'வேபிட்' என்ற சொல்லுக்கும் எந்த உறவும் இல்லை. நான்கே சொற்களில் அமைந்த எளிய வாக்கியம் உயிரோடு துடிக்கலாம். அருஞ்சொற்களை அடுக்கி எழுதிய நான்கு பக்கம் 'வேபிட்' ஆக இருக்கலாம். நீங்கள் சொல்ல விரும்பியது 'பிளெய்ன்' அல்லது 'சிம்பிள்' என்பதாக இருந்திருக்கும். நீங்கள் பயன்படுத்திய சொல்லோ, எழுதியவரிடம் சொல்வதற்கு எதுவுமே இல்லை என்று தீர்ப்புக் கூறிவிட்டது.

இந்தச் சொல்லின் பிறப்பை அறிந்தால் பொருள் மனத்தில் நின்றுவிடும். லத்தீனில் 'வாப்பிடுஸ்' என்பது வீரியம் போய்த் தட்டையாகிவிட்ட மதுவைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அது பானங்களைப் பற்றிய சொல்லாகவே இருந்தது; அடுத்த நூற்றாண்டில்தான் பேச்சுக்கும் எழுத்துக்கும் மனிதர்களுக்கும் பரவியது. தமிழும் இதே வழியில் நடந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. நுரைக்கும் பானத்தைத் திறந்து வைத்துவிட்டால் சற்று நேரத்தில் 'சப்பென்று ஆகிவிட்டது' என்கிறோம். எதிர்பார்ப்போடு கேட்கத் தொடங்கிய சொற்பொழிவு ஏமாற்றிவிட்டாலும் அதையே சொல்கிறோம். ஆகவே, பேச்சு வழக்கில் 'வேபிட்' என்பதற்கு மிக நெருங்கிய சொல் 'சப்பென்ற' என்பதே. எழுத்துத் தமிழில் நான் 'சாரமற்ற' என்பதையே தேர்ந்தெடுப்பேன். சாறு பிழிந்த பின் எஞ்சும் சக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். வடிவம் இருக்கும், பிழிந்தால் ஒன்றும் வராது.

அகராதி தரும் 'சுவையற்ற' என்ற பொருள்தான் பலரைத் தடுமாற வைக்கிறது. அந்தப் பொருளுக்கு உரிய சொல் 'இன்ஸிபிட்' (insipid). அதன் வேர், சுவைத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை. அதே வினைக்கு அறிவுடைமை என்ற பொருளும் உண்டு. மனித இனத்தின் அறிவியல் பெயரான 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்பதில் இருப்பதும் அதுவே. 'உப்புச்சப்பற்ற' என்ற நம் வழக்கு 'இன்ஸிபிட்' என்பதோடு அப்படியே பொருந்துகிறது. தொடக்கத்திலிருந்தே சுவை சேராதது 'இன்ஸிபிட்'. இருக்க வேண்டிய உயிர்ப்பு இல்லாமல் போனது 'வேபிட்'. இன்றைய ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை எல்லோரும் பேணுவதில்லை என்றாலும், நல்ல எழுத்தாளர்கள் பேணுகிறார்கள், நாமும் பேணலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கவனியுங்கள். 'காலத்தின் தேவையை உணர்ந்து அனைவரும் ஒன்றிணைந்து முன்னேற்றப் பாதையில் நடைபோட வேண்டும்' என்று ஒருவர் மேடையில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இலக்கணப் பிழையோ பொய்யோ இதில் இல்லை. ஆனால், எந்தத் தேவை, எவர் ஒன்றிணைவது, எந்தப் பாதை என்று கேட்டால் வாக்கியத்திடம் பதில் இல்லை. இதற்கு எதிரானதை யாரும் சொல்லப்போவதும் இல்லை. எந்த மேடையிலும் எந்த நாளிலும் பொருந்திவிடும் இத்தகைய பேச்சைத்தான் 'வேபிட்' என்று தயங்காமல் சொல்லலாம். ஆங்கிலத்தில் இச்சொல் 'ஸ்மைல்', 'கான்வர்சேஷன்', 'ரிமார்க்', 'புரோஸ்' ஆகியவற்றுக்கு முன் இயல்பாக வந்து அமரும். இதன் பெயர்ச்சொல் வடிவம் 'வப்பிடிட்டி'. உச்சரிக்கும்போது 'ரேபிட்' (rapid) என்ற சொல்லோடு எதுகை பொருந்துமாறு, வாயைச் சற்று அகலத் திறந்து, முதல் அசைக்கு அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: 'வேக்யுவஸ்' (vacuous), 'ஜெஜூன்' (jejune) ஆகிய சொற்களையும் இதே பொருளில் பயன்படுத்தலாமா?

பதில்: 'வேக்யுவஸ்' என்பது 'வேக்யூம்' என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு, கருத்தே இல்லாத வெற்றிடத்தைச் சுட்டுவது. 'வெற்றுரை' என்று நாம் சொல்வது இதுதான். 'வேபிட்' உயிர்ப்பின்மையைக் குறை கூறுகிறது. 'வேக்யுவஸ்' சிந்தனையின்மையைக் குறை கூறுகிறது. ஆகவே பின்னது இன்னும் கடுமையானது.

'ஜெஜூன்' என்பதன் வேர் நோன்பிருத்தல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல். சிறுகுடலின் நடுப்பகுதிக்கு 'ஜெஜூனம்' என்று பெயர் வந்ததும், இறந்தவர் உடலில் அது காலியாகவே காணப்பட்டதால்தான். இதன் பழைய பொருள் ஊட்டமற்ற எழுத்து என்பது. பிற்காலத்தில், இளமையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் ஓசையோடு ஒத்திருப்பதால், 'சிறுபிள்ளைத்தனமான' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று வாசகர் குழம்பக்கூடும் என்பதால், நான் இதைத் தவிர்க்கவே பரிந்துரைப்பேன்.

கேள்வி: ஒரு மனிதரையே 'வேபிட்' என்று சொல்வது முறையா?

பதில்: ஆங்கிலம் அதற்கு இடம் தருகிறது. ஆயினும், ஒருவருடைய ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு அவரையே அப்படி அழைப்பது, அவருடைய அகவாழ்வு முழுவதையும் நாம் அறிந்துவிட்டதாகச் சொல்வது போன்றது. குறை கூற வேண்டியிருந்தால் அந்தப் பேச்சின் மீது, அந்தக் கட்டுரையின் மீது சொல்லுங்கள். எந்த வரியில் சாரம் இல்லை என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். எழுதியவரால் திருத்திக்கொள்ள முடிவது அந்த வரியைத்தான்.